வீடியோவை எந்த இடத்தில் நிறுத்துவது?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைப் பற்றித்தான்: கணினித் திரையில் நடப்பதைக் குரலோடு பதிவுசெய்து வகுப்பில் காட்டுவது, நடுவில் கேள்விகள் வைத்துப் பிள்ளைகளைப் பதில் சொல்ல வைப்பது. கிழக்கிலங்கையில் வாகரையிலிருந்து பொத்துவில் வரைக்கும் ஆசிரியர்கள் எழுதியிருக்கிறீர்கள், ஒரு தாயும் எழுதியிருக்கிறார். ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டு இம்முறை முழுப் பகுதியையும் இதற்கே தருகிறேன். இருபது வருடத்துக்கு மேல் வகுப்பறையில் நின்றவள் நான். 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோதுதான் முதன்முதலாகத் திரையைப் பதிவுசெய்து பாடம் நடத்தினேன், அன்றிலிருந்து விடவில்லை.

கேள்வி: ரீச்சர், நான் தரம் 10க்கு ஐ.சி.டி. படிப்பிக்கிறேன். விரிதாள் (ஸ்ப்ரெட்ஷீட்) பாடம் முழுவதையும் லெப்டொப்பில் பதிவுசெய்து 35 நிமிட வீடியோவாக வகுப்பில் போட்டேன். பிள்ளைகள் சத்தமே போடாமல் பார்த்தார்கள், எனக்கும் சந்தோசம். அடுத்த நாள் கேட்டால் ஒருவருக்கும் ஒன்றும் ஞாபகம் இல்லை. வீடியோ சரியில்லையா, நான் சரியில்லையா?
– ஓர் ஆசிரியர், கொக்கட்டிச்சோலை

பதில்: தம்பி, வீடியோவிலும் பிழையில்லை, உங்களிலும் பிழையில்லை. அது நிற்காமல் ஓடினதுதான் பிழை. கரும்பலகையில் படிப்பிக்கும்போது நீங்கள் இப்படி 35 நிமிடம் ஒரே மூச்சில் பேசமாட்டீர்கள். எழுதிக்கொண்டிருக்கும்போதே கிறுகிப் பார்ப்பீர்கள், பின் வாங்கில் ஒரு முகம் சுருங்கியிருந்தால் "என்ன மனே, விளங்கல்லையா" என்று கேட்பீர்கள், ஒருவரை முன்னுக்குக் கூப்பிட்டுச் சோக்கைக் கையில் கொடுப்பீர்கள். பதிவுசெய்ய உட்கார்ந்ததும் அந்த இடங்களெல்லாம் காணாமல் போய்விடுகின்றன. அவற்றைத் திரும்ப வீடியோவுக்குள் கொண்டுவந்து வைக்கிற வேலைக்குப் பெயர்தான் ஊடாட்ட வீடியோ.

முதலில் நீளம். எடெக்ஸ் என்ற இணையப் பாட நிறுவனத்தில் 69 இலட்சம் தடவை வீடியோ பார்க்கப்பட்ட பதிவுகளை ஆராய்ந்து பிலிப் குவோவும் அவரோடு சேர்ந்தவர்களும் 2014இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். வீடியோ எவ்வளவு நீண்டாலும் மாணவர் அதில் ஈடுபட்டிருக்கும் இடைநிலை நேரம் ஆறு நிமிடத்தைத் தாண்டவில்லை. இத்தனைக்கும் அவர்கள் தாங்களாக விரும்பிச் சேர்ந்து படித்தவர்கள். மதிய இடைவேளைக்குப் பிறகு தகரக் கூரைக்குக் கீழே வேர்த்துக்கொண்டு இருக்கிற தரம் 10 பிள்ளையிடம் அதற்கு மேல் எதிர்பார்ப்பது நியாயமில்லை. ஆகவே உங்கள் 35 நிமிடத்தை ஐந்தாறு துண்டாக வெட்டுங்கள், ஒரு துண்டில் ஒரே ஒரு விஷயம். மிச்ச நேரம் வகுப்புக்கு வேண்டும்.

அடுத்தது நிறுத்தம். அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் ஸ்புனார் என்ற உளவியலாளரும் அவரது கூட்டாளிகளும் 2013இல் செய்த சோதனை ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு விரிவுரை வீடியோவை நான்காகப் பிரித்து, ஒரு குழுவினருக்கு ஒவ்வொரு துண்டின் முடிவிலும் சின்னப் பரீட்சை வைத்தார்கள், மற்றவர்களுக்கு வைக்கவில்லை. இடையில் கேள்வி கேட்கப்பட்டவர்களுக்கு மனம் அலைவது குறைந்தது, அவர்கள் எடுத்த குறிப்புகள் கூடின, கடைசிப் பரீட்சையில் புள்ளியும் கூடியது. அடுத்த துண்டுக்குப் பிறகும் கேள்வி வரும் என்று தெரிந்தவர் வேறு மாதிரி உட்கார்ந்து பார்க்கிறார்.

சரி, எந்த இடத்தில் நிறுத்துவது? நிறையப் பேர் ஒன்றைச் சொல்லி முடித்ததும் நிறுத்தி "இப்போது நான் என்ன சொன்னேன்?" என்று கேட்கிறார்கள். அது காதில் விழுந்ததா என்று பார்க்கிற கேள்வி, அதால் பெரிய பயன் இல்லை. விடை திரையில் தெரிவதற்கு ஒரு செக்கன் முந்தி நிறுத்துங்கள். உங்கள் விரிதாள் பாடத்தையே எடுப்போம். பி நிரலில் சாமான்களின் விலை இருக்கிறது, ஈ1 கலத்தில் கழிவு (தள்ளுபடி) வீதம் இருக்கிறது. சி2 கலத்தில் பி2ஐ ஈ1ஆல் பெருக்கும் சூத்திரத்தை எழுதுகிறீர்கள், விடை சரியாக வருகிறது. இப்போது அந்தக் கலத்தின் மூலையைப் பிடித்துக் கீழே இழுக்கப் போகிறீர்கள். இழுக்க வேண்டாம், அங்கேயே நிறுத்துங்கள். "சி3இல் என்ன வரும்?" என்று கேட்டு நாலு விடை கொடுங்கள்: ஒன்று, சரியான கழிவு. இரண்டு, பூச்சியம். மூன்று, பிழைச் செய்தி. நாலு, சி2இல் உள்ள அதே தொகை. பெரும்பாலான பிள்ளைகள் ஒன்று என்பார்கள். பிறகு வீடியோவை ஓடவிடுங்கள், பூச்சியம் வரும். ஏனென்றால் ஈ1 என்ற முகவரியும் கூடவே ஒரு படி இறங்கி ஈ2 ஆகிவிட்டது, ஈ2 வெறுங்கலம். அந்த நிமிடத்தில் வகுப்பில் வருகிற "ஆ" என்ற சத்தத்துக்காகவே நான் இவ்வளவு காலம் இதைச் செய்கிறேன். டொலர் குறி போட்டு முகவரியைப் பூட்டுவது எதற்கு என்று அதற்குப் பிறகு படிப்பித்தால் பிள்ளை மறக்காது. அதற்கு முந்திச் சொல்லிக்கொடுத்தால் அது மனப்பாடம் செய்கிற இன்னொரு விதி, அவ்வளவுதான்.

பிழையான விடைகளை எழுதுவதற்கும் நேரம் எடுங்கள். உங்கள் பிள்ளைகள் கொப்பியில் உண்மையாகவே விடுகிற பிழைகளை அங்கே வையுங்கள். கொப்பி திருத்தும்போது பக்கத்தில் ஒரு தாளை வைத்துக்கொண்டு குறித்து வந்தீர்களென்றால் ஒரு தவணைக்குள் அடுத்த வருடத்து வீடியோக்களுக்கு வேண்டிய கேள்விகள் சேர்ந்துவிடும்.

கேள்வி: என்னிடம் இருப்பது பழைய லெப்டொப். காசு கொடுத்து மென்பொருள் வாங்க வசதியில்லை. எதில் பதிவுசெய்யலாம்?
– ஓர் ஆசிரியை, அக்கரைப்பற்று

பதில்: காசு தேவையில்லை ரீச்சர். பவர்பொயின்ட் 2016 அல்லது அதற்குப் பிந்தியது இருந்தால் அதற்குள்ளேயே 'இன்சேர்ட்' தாவலில் திரையைப் பதிவுசெய்யும் வசதி இருக்கிறது. விண்டோஸ் 10இல் விண்டோஸ் விசையையும் ஜி விசையையும் சேர்த்து அழுத்தினால் ஒரு பதிவுப் பலகை வரும், ஆனால் அது ஒரு மென்பொருளின் ஜன்னலை மட்டும்தான் பதியும், டெஸ்க்டொப்பையோ கோப்புறைகளையோ காட்டிப் படிப்பிக்க அது உதவாது. அண்ட்ரொய்ட் 11இலிருந்து ஃபோனிலேயே திரைப்பதிவு வந்துவிட்டது. எல்லாவற்றையும் விட எனக்குக் கைகொடுப்பது ஓபிஎஸ் ஸ்டூடியோ. திறந்த மூல மென்பொருள், முழுக்க இலவசம், வீடியோவின் மேல் எந்த முத்திரையும் குத்தாது. பழைய லெப்டொப் திணறாமல் இருக்க அளவை 1280க்கு 720 என்றும், செக்கனுக்கு 20 படம் என்றும் குறைத்து வையுங்கள். எழுத்தும் சுட்டியும் மட்டுமே அசையும் பாடத்துக்கு அது தாராளம்.

ஓபிஎஸ்ஸில் இன்னொன்றையும் முதல் நாளே செய்துவிடுங்கள். பதிவின் வடிவத்தை எம்கேவி என்று தெரிவுசெய்யுங்கள். 2022இல் நாளுக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் மின்வெட்டுப் போன காலத்தில், பற்றறி செத்த லெப்டொப்பில், பாதிப் பாடம் பதிந்துகொண்டிருக்கும்போது கரண்ட் போய் முழுக் கோப்பும் திறக்காமல் போனது எனக்கு. சாதாரண எம்பி4இல் கோப்பு முறையாக முடிக்கப்படாவிட்டால் அப்படித்தான் ஆகும். எம்கேவி என்றால் கரண்ட் போகும் வரைக்கும் பதிந்தது தப்பும். பிறகு ஃபைல் மெனுவில் 'ரீமக்ஸ்' என்பதை அழுத்தினால் தரம் குறையாமல் கொஞ்ச நேரத்தில் எம்பி4 ஆக மாற்றித்தரும்.

மைக்குக்குத் தனியாகச் செலவழிக்க வேண்டாம், ஃபோனோடு வருகிற இயர்ஃபோனின் மைக் போதும், அது லெப்டொப்பின் துளையில் வேலைசெய்கிறதா என்று மட்டும் முதலில் பாருங்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டு, காகம் கத்தத் தொடங்குவதற்கு முந்தின விடியற்காலையில், துணிகள் நிறைந்த ஓர் அறையில் இருந்து பேசுங்கள். முழுப் பாடத்தையும் பதிவதற்கு முன் பத்து செக்கன் பதிந்து கேட்டுப் பாருங்கள். படம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் பிள்ளை பொறுத்துக்கொள்ளும், குரல் இரைந்தால் பொறுக்காது. அறிவிப்புகளையும் கட்டாயம் நிறுத்திவையுங்கள். ஒருமுறை என் பாடத்துக்கு நடுவில் ஒரு குடும்பச் செய்தி திரை மூலையில் வந்து நின்றதைப் பார்க்காமல் வகுப்புக்குக் கொண்டுபோய்விட்டேன், அது ஒரு உறவினரின் நோயைப் பற்றியது, இன்றைக்கும் மனதை உறுத்துகிறது.

கேள்வி: வலயத்தில் நடந்த செயலமர்வில் எச்5பி என்று ஒன்றைக் காட்டினார்கள். வீடியோ தானாக நிற்கிறது, கேள்வி கேட்கிறது, பிழை என்றால் பின்னுக்குக் கொண்டுபோகிறது. ஆசையாக இருந்தது. எங்கள் பாடசாலையில் ஒரு புரொஜெக்டர் உண்டு, இணையம் இல்லை. மாணவரிடம் கணினியும் இல்லை. எங்களுக்கு இதெல்லாம் சரிவராதா?
– விஞ்ஞான ஆசிரியர், கரடியனாறு

பதில்: நல்லாகச் சரிவரும். எச்5பி நோர்வேயில் தொடங்கின திறந்த மூலத் திட்டம். அதை இணையத்தில்தான் செய்ய வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். லூமி என்ற இலவச மென்பொருளை ஒருதரம் தரவிறக்கி லெப்டொப்பில் போட்டு, இணையம் கிடைக்கும்போதே அதற்குள் ஊடாட்ட வீடியோ வகையையும் இறக்கிக்கொண்டால், பிறகு இணையம் இல்லாமலே எச்5பி வீடியோ செய்யலாம், செய்ததை எச்டிஎம்எல் கோப்பாக எடுத்துப் பென் டிரைவில் கொண்டுபோய் எந்தக் கணினியின் உலாவியிலும் திறக்கலாம். வீடியோவையும் ஒரே கோப்புக்குள் அடக்கினால் அது பாரமாகித் திறக்கச் சுணங்கும், ஆகவே வீடியோவைத் தனிக் கோப்பாக வைக்கும் தெரிவை எடுங்கள். கேள்விக்குப் பிழையாகப் பதில் சொன்னால் எந்த நிமிடத்துக்குத் திரும்பிப் போக வேண்டும் என்று குறித்துவைக்கும் வசதி அதில் இருக்கிறது. அதைப் பலர் பயன்படுத்துவதில்லை, எனக்கு அதுதான் எச்5பியின் உயிர்.

அதுவும் சிரமமென்றால் பவர்பொயின்ட். ஒரு தட்டில் (ஸ்லைடில்) இரண்டு நிமிட வீடியோத் துண்டு, அடுத்த தட்டில் கேள்வியும் நாலு பொத்தானும். சரியான பொத்தான் அடுத்த துண்டுக்குப் போகும்படியும், பிழையான ஒவ்வொரு பொத்தானும் அந்தப் பிழையை விளக்குகிற தட்டுக்குப் போய்த் திரும்பி வரும்படியும் இணைப்புக் கொடுங்கள். 'ட்ரான்சிஷன்' தாவலில் மௌஸ் கிளிக்கினால் அடுத்த தட்டு என்று இருக்கும் குறியை எடுத்துவிட மறக்க வேண்டாம், மறந்தால் வெற்றிடத்தில் கை பட்டதும் விடைக்குத் தாவிவிடும்.

இனி முக்கியமானதுக்கு வருகிறேன். உங்கள் வகுப்பில் ஒரு திரையும் முப்பது நாற்பது பிள்ளைகளும். பொத்தானை அழுத்தப்போவது ஒரே ஒரு பிள்ளை என்றால் மற்றவர்களுக்கு அது வெறும் படம்தான். ஆகவே பொத்தானை விட விரல்களை நம்புங்கள். சாதாரண தர விஞ்ஞானப் பரீட்சையின் முதலாம் பத்திரத்தில் நாற்பது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் நாலு விடை. அதே பழக்கத்தில் வீடியோ நின்றதும் எல்லாரும் அரை நிமிடம் பேசாமல் யோசித்து, நான் சொல்லும்போது விரலை நெஞ்சோடு சேர்த்துக் காட்ட வேண்டும், தலைக்கு மேலே உயர்த்தக் கூடாது. உயர்த்தினால் கெட்டிக்காரப் பிள்ளையைப் பார்த்து எல்லாரும் விரலை மாற்றுவார்கள். நான் முன்னுக்கு நின்று ஒரு பார்வையில் கணக்கெடுப்பேன். அநேகமாக எல்லாரும் சரியென்றால் வீடியோ தொடரும். எல்லாரும் பிழையென்றால் திரையை அணைத்துவிட்டுக் கரும்பலகைக்குப் போவேன். பாதிப் பாதியாகப் பிரிந்திருந்தால் அதைப் போல நல்ல தருணம் வராது: வேறு விரல் காட்டின பக்கத்துப் பிள்ளையோடு இரண்டு நிமிடம் பேசி, தன் விடை ஏன் சரி என்று சொல்லி ஒப்பவைக்க வேண்டும், பிறகு மறுபடியும் விரல். ஹார்வர்டில் இயற்பியல் படிப்பித்த எரிக் மசூர் 1990களின் தொடக்கத்தில் விரிவுரை மண்டபத்தில் இப்படித்தான் தொடங்கினார், அவருடைய மாணவர்களிடமும் அப்போது ஒரு கருவியும் இருக்கவில்லை.

விஞ்ஞானத்துக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் பாவனையாக்கிகளை, அதாவது பரிசோதனையைத் திரையிலேயே செய்துபார்க்கும் மென்பொருள்களை, தரவிறக்கி வைத்தால் இணையம் இல்லாமல் ஓடும். ஓமின் விதியை எடுங்கள். மின்னழுத்தம் 4.5 வோல்ட், தடை 500 ஓம், ஓட்டம் 9 மில்லிஅம்பியர் என்று திரையில் காட்டுங்கள். தடையை 1000 ஓமுக்கு இழுக்கப்போகும் இடத்தில் நிறுத்துங்கள். விரல்கள் எழும்பின பிறகு, பிழையாகக் காட்டின ஒருவரையே கூப்பிட்டுச் சுட்டியை இழுக்கச் சொல்லுங்கள். வெட்கப்படுத்துவதற்காக இல்லை. 4.5 மில்லிஅம்பியருக்கு இறங்குவதைத் தன் கையால் பார்க்கிற சந்தர்ப்பம் அந்தப் பிள்ளைக்குத்தான் முதலில் வேண்டும்.

கேள்வி: நான் புவியியல். வரைபடம் ஒட்டியே படிப்பிக்கிறேன். திரைப்பதிவால் எனக்கு என்ன பயன்?
– ஆசிரியை, களுவாஞ்சிக்குடி

பதில்: உங்களுக்குத்தான் அதிக பயன் என்பேன். கூகுள் ஏர்த் புரோ 2015இலிருந்து இலவசம். பழைய செய்மதிப் படங்களைக் காலவரிசையில் பார்க்கும் வசதி அதில் உண்டு, ஆனால் அதற்கு நல்ல இணையம் வேண்டும். வீட்டிலோ நகரத்திலோ இணையம் கிடைக்கும் நேரத்தில் அதை ஓடவிட்டுத் திரையைப் பதிந்துகொண்டு வந்தீர்களென்றால் இணையமில்லாத வகுப்பில் காட்டலாம். பிள்ளைகள் தினமும் பார்க்கிற வாவியிலிருந்தே தொடங்குங்கள். ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளமான மட்டக்களப்பு வாவி பாலமீன்மடுவிலும் கல்லாற்றிலும் கடலோடு சேருகிறது. முகத்துவாரம் மண்மேடு போட்டு அடைபடுவதையும் திறப்பதையும் கிடைக்கிற வருடப் படங்களில் ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டுங்கள். ஓர் அடைபட்ட படத்தில் நிறுத்தி, "மாரி மழை தொடங்கிவிட்டது, வாய் இன்னும் திறக்கவில்லை, இனி எந்தப் பக்கத்து வயலுக்குள் முதலில் தண்ணீர் ஏறும்?" என்று கேளுங்கள். வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையில் பிறந்த பிள்ளை உங்களை விட விபரமாகப் பதில் சொல்லும், சொல்ல விடுங்கள். படத்தின் கீழ் மூலையில் இருக்கும் கூகுளின் பெயரை மட்டும் வெட்டிவிட வேண்டாம்.

கேள்வி: அஸ்ஸலாமு அலைக்கும் ரீச்சர். மூன்று பிள்ளைகளுக்கும் வீட்டில் ஒரே ஃபோன், அது வாப்பாவுடையது. அவர் கடலுக்குப் போனால் அதுவும் கூடப் போய்விடும். பாடசாலை வட்ஸ்அப் குழுவில் ஒவ்வொரு நாளும் யூடியூப் இணைப்பு வருகிறது, டேட்டா காணாது. மூத்த மகன் பாடம் பார்க்கிறேன் என்று வாங்கிக்கொண்டு போய் வேறு எதையோ பார்க்கிறான். பறித்தால் "ரீச்சர்தான் பார்க்கச் சொன்னா" என்கிறான். என்ன செய்ய?
– ஓர் உம்மா, நிந்தவூர்

பதில்: வஅலைக்கும் ஸலாம் தங்கச்சி. உங்களுக்குச் சொல்ல வேண்டியது கொஞ்சம், ஆசிரியர்களுக்குச் சொல்ல வேண்டியது நிறைய. இணைப்புக்குப் பதிலாக வீடியோவைக் கோப்பாகத் தரும்படி வகுப்பாசிரியரிடம் தயங்காமல் கேளுங்கள், ஒரு மெமரி கார்டை மகனிடம் கொடுத்தனுப்பினாலும் போதும். கோப்பென்றால் பாடம் முடிந்ததும் முடிந்துவிடும். யூடியூப் என்றால் பாடம் முடிந்த இடத்தில் வேறொன்று தானாகத் தொடங்கும், அதைத் தாண்டி வருகிற பலம் பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பிள்ளையிடம் இல்லை, அது அவன் குற்றமுமில்லை. முடிந்தால் பக்கத்தில் இருந்து "ரீச்சர் வீடியோவை நிப்பாட்டி என்ன கேட்டா?" என்று மட்டும் கேளுங்கள். பாடம் உங்களுக்கு விளங்க வேண்டுமென்றில்லை. அவன் உங்களுக்குச் சொல்லிக்காட்டினால் அதுவே படிப்பு.

இனி ஆசிரியர்களுக்கு. ஆறு நிமிட வீடியோவைச் செக்கனுக்கு ஆயிரம் கிலோபிட் என்ற அளவில் சேமித்தால் ஏறக்குறைய 45 மெகாபைட் வரும், ஐந்நூறு என்றால் 22 அல்லது 23. படங்கள் அதிகம் அசையாத திரைப்பதிவுக்கு ஐந்நூறே போதும், அந்த வித்தியாசம் இந்தத் தாயின் டேட்டா காசு. வட்ஸ்அப்பில் சாதாரணமாக வீடியோவாக அனுப்பினால் அது இன்னும் நசுக்கி எழுத்தை மங்கலாக்கிவிடும், டொகியூமண்ட் ஆக அனுப்பினால் அப்படியே போகும். திரையில் எழுத்து ஃபோனில் வாசிக்கும் அளவுக்குப் பெரிதாக இருக்கட்டும். எல்லாவற்றுக்கும் மேலே, வீட்டில் வீடியோ பார்த்தால்தான் நாளைய பாடம் விளங்கும் என்ற நிலைமையை உண்டாக்காதீர்கள்.

வீட்டில் வீடியோ, வகுப்பில் பயிற்சி என்ற முறையைப் பரவச்செய்தவர்களில் முக்கியமானவர்கள் அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தின் வுட்லண்ட் பார்க் என்ற சின்ன ஊரில் இரசாயனவியல் படிப்பித்த ஜொனதன் பேர்க்மன், ஆரன் சாம்ஸ் என்ற இரண்டு ஆசிரியர்கள். 2007இல் அவர்கள் பதிவுசெய்யத் தொடங்கியதே வகுப்புக்கு வர முடியாமல் போன பிள்ளைகளுக்காகத்தான். நமக்கும் அந்தத் தேவை உண்டு. மாரியில் தாம்போதிக்கு மேலால் தண்ணீர் போனால் எத்தனை பிள்ளைகள் ஒரு கிழமை வருவதில்லை, வேளாண்மை வெட்டுக் காலத்தில் எத்தனை பேர் காணாமல் போகிறார்கள்! அவர்கள் திரும்பி வந்ததும் கொடுக்க ஒரு பென் டிரைவில் பாடங்கள் இருந்தால் அது பெரிய உதவி. வகுப்பில் இருந்த பிள்ளைக்கு அதே வீடியோவை மறுபடி வீட்டுவேலையாக அனுப்ப வேண்டியதில்லை.

கேள்வி: கல்வியியற் கல்லூரியில் படிக்கிறேன். பதிவுசெய்யும்போது எந்தத் தமிழில் பேச வேண்டும்? என் பேச்சில் 'மறுகா', 'ஒண்ணா' எல்லாம் வந்துவிடுகிறது. கேட்கிறவர்கள் சிரிப்பார்களா? முகமும் காட்ட வேண்டுமா?
– மட்டக்களப்பு

பதில்: மகள், வகுப்பில் பேசுகிற தமிழில் பேசுங்கள். பல்லூடகக் கற்றலைப் பல வருடங்களாக ஆராய்ந்துவரும் ரிச்சர்ட் மேயர், புத்தக நடையை விட உரையாடல் நடையில் சொல்லும்போது மாணவர் நன்றாகக் கற்கிறார்கள் என்று காட்டியிருக்கிறார். 'மறுகா இந்தக் கோட்டைக் கீறுவோம்' என்றால் இங்குள்ள பிள்ளைக்கு அது தன் வீட்டுக் குரல். கலைச்சொல்லை மட்டும் பாடநூலில் இருக்கிறபடியே சொல்லுங்கள், பரீட்சையில் அதுதான் வரும். திரையில் முழுப் பந்தியையும் போட்டு அதையே வாசிக்க வேண்டாம், கண்ணும் காதும் ஒரே சொற்களுக்காக இழுபட்டு இரண்டும் களைத்துப்போகும் என்பதும் அவர் ஆய்வில் கண்டதுதான். முகம் தொடக்கத்தில் ஒரு நிமிடம் வந்தால் நல்லது, கட்டாயமில்லை.

கேள்வி: கேத்திரகணிதம் படிப்பிக்கிறேன். எழுதி எழுதித்தான் விளக்க முடியும். பேனாவால் எழுதும் டப்லட் வாங்க வேண்டுமா?
– கணித ஆசிரியர், சம்மாந்துறை

பதில்: வேண்டாம் சேர். இரண்டு பக்கமும் புத்தகங்களை அடுக்கி, மேலே ஒரு அடிமட்டத்தை வைத்து, அதில் ஃபோனைக் கவிழ்த்து வைத்துக் கீழே வெள்ளைத் தாளில் எழுதுங்கள். நான் முதலில் சொன்ன அதே ஆய்வில், ஆயத்தமாகச் செய்த தட்டுகளை விடக் கையால் எழுதிக்கொண்டே போகிற வீடியோக்களில்தான் மாணவர் அதிகம் ஈடுபட்டார்கள். சல்மான் கான் தன் உறவுப் பிள்ளைக்குக் கணிதம் சொல்லிக்கொடுக்கத் தொடங்கி, 2006இல் யூடியூபில் போட்ட பாடங்களிலும் எழுதுகிற கோடும் குரலும்தான் இருந்தன. உருவத்தை அசைத்துக் காட்ட வேண்டிய இடத்தில் மட்டும் ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருளைத் திறந்து திரையைப் பதியுங்கள், வட்டத்தின் மேல் புள்ளி ஓடும்போது பரிதிக் கோணம் மாறாமல் நிற்பதைத் தாளில் காட்ட முடியாது.

கேள்வி: மற்றவர்கள் செய்த வீடியோவில் நாங்கள் கேள்விகள் வைக்கலாமா?
– ஆசிரியை, வாழைச்சேனை

பதில்: யூடியூபில் இருப்பதை அங்கேயே வைத்துக்கொண்டு மேலே கேள்வி சேர்க்க எச்5பியும் எட்பசில் என்ற இணையத்தளமும் இடம் தருகின்றன, ஆனால் இரண்டுக்கும் அப்போது இணையம் வேண்டும். எடுத்து வெட்டி உங்கள் பெயரில் போடுவது கூடாது. தமிழில் நம் பாடத்திட்டத்துக்கு ஏற்றதைத் தேடினால் முதலில் கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ இணையத்தளத்தைப் பாருங்கள். அப்படியும் கிடைக்காவிட்டால் உங்கள் பக்கத்துப் பாடசாலை ஆசிரியரோடு பாடங்களைப் பிரித்துக்கொண்டு இருவருமாகச் செய்யுங்கள்.

கேள்வி: உயர்தரம் படிப்பிக்கிறேன். பிள்ளைகள் எல்லாரிடமும் ஃபோன் இருக்கிறது. அவர்களையே வீடியோ செய்ய வைத்தால் என்ன? நேரம் வீணாகுமா?
– ஓர் ஆசிரியர், கல்முனை

பதில்: செய்ய வையுங்கள் சேர், இந்த மாதம் வந்ததில் எனக்கு மிகவும் சந்தோசம் தந்த கேள்வி இது. ஆளுக்கு ஒரு கடந்தகால வினா, இரண்டு நிமிடம், தாளில் எழுதி ஃபோனில் பதிந்தாலும் சரி, திரையில் செய்தாலும் சரி. ஒரே ஒரு நிபந்தனை: விடை வருவதற்கு முன் ஓரிடத்தில் தாமே நிறுத்தி, பார்க்கிறவரிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும். அந்தக் கேள்வியை எங்கே வைப்பது என்று யோசிக்கும்போதுதான், தான் எந்தப் படியை விளங்காமல் கடந்து வந்தோம் என்பது பிள்ளைக்கே தெரியவரும். என் மாணவி ஒருத்தி நிறுத்த இடம் தெரியாமல் மூன்று தரம் பதிந்து அழித்தாள். நாலாம் தரம் என்னிடம் வந்து, "ரீச்சர், எனக்கு அந்த இரண்டாவது வரி எப்படி வந்ததென்றே தெரியல்ல" என்றாள். அந்த வரியை அவள் இரண்டு வருடமாக மனப்பாடமாக எழுதி முழுப் புள்ளியும் எடுத்துக்கொண்டிருந்தவள்.

முகங்களைக் காட்ட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், கையும் குரலும் போதும். பொதுவில் எங்கும் ஏற்ற வேண்டாம், வகுப்புக்குள் பென் டிரைவில் சுற்றட்டும். முதல் தடவைக்குக் கடினமான வினாவைக் கொடுக்காதீர்கள். எல்லாரும் சரியாகச் செய்கிற, ஆனால் ஏன் என்று கேட்டால் தயங்குகிற ஒரு வினாவாகப் பார்த்து எடுங்கள். அப்படி ஒன்று உங்கள் பாடத்தில் எது என்று உங்களுக்கு இப்போதே தெரிந்திருக்கும்.